ஷேர் வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள்

இந்த ஷேரை ஏன் வாங்கினீர்கள் என்று யாரைக் கேட்டாலும், மச்சான் சொன்னான், டெலிகிராம் குரூப்பில் வந்தது, ஆபீஸில் எல்லாரும் போட்டார்கள், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதில். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். இப்போது வாங்கும் முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுகிறேன், நீங்களும் எழுதிப் பாருங்கள்: கம்பெனி எதில் சம்பாதிக்கிறது, இந்த விலை ஏன் கட்டுபடியாகும், எது நடந்தால் விற்றுவிடுவேன். எழுதி முடித்ததும் இலக்கண வாத்தியார் மாதிரி ஒவ்வொரு வரியிலும் எழுவாயைத் தேடுங்கள். "வெளிநாட்டு ஃபண்டுகள் வாங்குகின்றன", "எல்லாரும் அப்ளை பண்ணுகிறார்கள்" என்று எழுவாய் அந்தக் கம்பெனியோ நீங்களோ இல்லாமல் வேறு யாராகவோ இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சில சமயம் அடித்து முடிக்கும்போது தாளில் ஒன்றுமே மிஞ்சாது. சரி, அந்த ஷேர் வேண்டாம்.

2008 ஜனவரியில் வந்த ரிலையன்ஸ் பவர் ஐபிஓவை, அதாவது அந்தக் கம்பெனி பொதுமக்களுக்கு முதல் முறையாகப் பங்கு விற்றதை, இப்படிப் பார்ப்போம். விலை 450 ரூபாய், சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. விற்க இருந்ததைப் போல 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. இதற்காகவே டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) திறந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனி அப்போது ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி செய்யவில்லை, மின் நிலையங்கள் எல்லாம் திட்ட அளவில்தான் இருந்தன, இது ரகசியமும் இல்லை, பங்கு விற்கும் முன் கம்பெனி வெளியிடும் விவர அறிக்கையான ப்ராஸ்பெக்டஸிலேயே இருந்த விஷயம். "எதில் சம்பாதிக்கிறது" என்ற முதல் கேள்வியிலேயே பேனா நின்றிருக்கும். பிப்ரவரி 11-ல் லிஸ்ட் ஆன அன்றே 372 ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்தது.

ப்ராஸ்பெக்டஸ் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், முழுக்கப் படிக்க வேண்டாம். திரட்டும் பணம் எதற்கு என்று சொல்லும் பகுதியை முதலில் பிரியுங்கள். ஆஃபர் ஃபார் சேல், அதாவது பழைய பங்குதாரர் தம் பங்கை விற்பது, என்றால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது, அவர்கள் பைக்குப் போகும். அப்புறம் ரிஸ்க் பகுதி. அப்புறம், லாபம் என்று காட்டியது உண்மையில் ரொக்கமாக உள்ளே வந்திருக்கிறதா என்று பண வரவு செலவைக் காட்டும் கேஷ் ஃப்ளோ கணக்கில் பாருங்கள். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் புரோமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) எத்தனை சதவீதப் பங்கை அடமானம் வைத்திருக்கிறார் என்பதை என்எஸ்இ, பிஎஸ்இ என்ற பங்குச் சந்தைகளின் தளங்களில் இலவசமாகவே பார்க்கலாம். கிரே மார்க்கெட் பிரீமியத்தை, அதாவது லிஸ்ட் ஆகும் முன்பே வெளியே பேசிக்கொள்ளும் கூடுதல் விலையை, மட்டும் தாளில் ஏற்றாதீர்கள், அதுவும் ஊர்ப் பேச்சுதான், எண்ணாக எழுதியிருப்பதால் கணக்கு மாதிரித் தெரிகிறது.

இன்னொரு குழி இருக்கிறது, கொஞ்சம் விவரமானவர்கள் விழுவது. ஊர் விற்றால் நான் வாங்குவேன் என்பதைச் சொந்தப் புத்தி என்று நினைத்துக்கொள்வது. யெஸ் பேங்க் என்ற தனியார் வங்கியின் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்து பிறகு சரிந்தபோது, 200-ல், 100-ல், 50-ல் என்று படிப்படியாக வாங்கி, வாங்கிய விலையைக் குறைக்க "சராசரி" பண்ணியவர்கள் ஏராளம். எல்லாரும் பயப்படுகிறார்கள், அதனால் வாங்குகிறேன் என்பதிலும் எழுவாய் "எல்லாரும்"தானே? வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டதற்கும் பெரிய இடைவெளி இருந்தது 2017-லேயே வெளியே வந்துவிட்டது. 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி தடை போட்டு, டெபாசிட்காரர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி ஆனது. மீட்புத் திட்டத்தில் 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்கில் 75 சதவீதத்தை மூன்று வருஷத்துக்கு விற்க முடியாமல் பூட்டினார்கள்.

தாள் மிகவும் உதவுவது சந்தை விழும்போது. 2020 மார்ச் 23-ஆம் தேதி பிஎஸ்இயின் 30 பெரிய பங்குகளின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்து 25,981-ல் நின்றது, அன்றைக்கு யாரிடம் கேட்டிருந்தாலும் வித்துட்டு ஓடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். தாளை எடுத்து மூன்றாவது வரியை மட்டும் படியுங்கள். நீங்கள் எழுதியது நடந்துவிட்டதா? நடந்திருந்தால், நஷ்டமானாலும் விற்றுவிடுங்கள். நடக்கவில்லை என்றால் ஷேர் விலை பார்க்கும் மொபைல் ஆப்பை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். அந்த வருஷக் கடைசியில் சென்செக்ஸ் 47,000-ஐத் தாண்டியிருந்தது, ஆனால் அது மார்ச்சில் யாருக்கும் தெரியாது, கையில் இருந்தது தாள் மட்டும்தான்.

இவ்வளவு எழுத நேரமோ பொறுமையோ இல்லையா, தப்பே இல்லை, என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் மாதாமாதம் ஒரே தொகை போகும்படி எஸ்ஐபி போட்டுவிடுங்கள். அதற்கும் ஒரு தாள் உண்டு, ஆனால் ஒரு வரி போதும்: இந்தப் பணம் எந்த வருஷம் வேண்டும்.