அஷ்டமி நிலவைப் படம் பிடிப்போம்: ஒரு டெலஸ்கோப்பும் ஒரு செல்போனும் போதும்

டெலஸ்கோப் வாங்கிய பலரும் முதலில் பௌர்ணமிக்குத்தான் காத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். எடுத்த படத்தில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு வட்டம் மட்டும் இருந்தது. ஒரு பள்ளம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. அன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிறது, அதன் ஒளி நாம் பார்க்கும் திசையிலேயே நிலவின் மேல் விழுகிறது. நிழல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிழல் இல்லாமல் மேடு எது, பள்ளம் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் முதல் படத்துக்கு வளர்பிறை அஷ்டமியைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பார்த்தால் போதும். சூரியன் மறையும்போது பாதி நிலவு தலைக்கு மேலே வந்திருக்கும், ஏறக்குறைய நள்ளிரவு வரை வானில் இருக்கும். நிலவில் பகலும் இரவும் சந்திக்கும் கோடு நடுவே ஓடும். அதை டெர்மினேட்டர் என்பார்கள். அங்கே அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. நம் ஊரில் காலை வெயிலில் தென்னை மரத்தின் நிழல் தெருவைத் தாண்டி விழுவது போல, அங்கே ஒவ்வொரு மலையின் நிழலும் நீண்டு கிடக்கும். நாம் படம் பிடிக்கப் போவது அந்த நிழல்களைத்தான்.

என்ன வேண்டும்

நான் பயன்படுத்துவது 6 அங்குல டாப்சோனியன், அதாவது தரையில் வைக்கும் எளிய சுழல் பெட்டியில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப். கண்ணாடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. இதில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) போட்டால் 1200-ஐ 25-ஆல் வகுத்து 48 மடங்கு. முழு நிலவும் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உள்ளே அடங்கும். உங்களுடையது 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப் என்றாலும் தயங்க வேண்டாம், செய்முறை இதேதான். அப்புறம், போனை ஐபீஸோடு பிடித்து வைக்கும் அடாப்டர் ஒன்று. கையில் பிடித்தும் எடுக்கலாம், ஆனால் வீடியோ எடுக்கும்போது கை ஆடிவிடும்.

பகலிலேயே செய்ய வேண்டியது

ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் இருக்கும் குறி பார்க்கும் சிறு கருவியை, சரிசெய்யுங்கள். தூரத்தில் ஒரு செல்போன் டவரின் உச்சியை ஐபீஸின் நடுவில் கொண்டுவாருங்கள். டெலஸ்கோப்பை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதன் நடுவிலும் அதே உச்சி வரும்படி செய்யுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஒரு நொடி பட்டாலும் பார்வை போய்விடும். குழந்தைகள் அருகில் இருந்தால் வேலை முடிந்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள்.

மாலையில்

படமெடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை காட்சி தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளியும். மொட்டை மாடியிலும் இதே சிக்கல் உண்டு, பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இரவில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டைச் சுற்றி மண் தரை இருந்தால் அதுவே மேல்.

டாப்சோனியன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் பிப்ரவரி, மார்ச் மாத அஷ்டமி நிலவு கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். குறைவான காற்றின் வழியே பார்ப்பதால் காட்சிக்கு அது நல்லதுதான். ஆனால் டாப்சோனியன் குழாய் நெட்டுக்குத்தாக நிற்கும்போது பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. எட்டரை மணி வரை பொறுத்தால் நிலவு மேற்கே சாய்ந்து வசதியான உயரத்துக்கு வந்துவிடும்.

படமெடுப்பது

முதலில் கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பள்ளங்களின் விளிம்பு கத்தி வெட்டியது போலத் தெரியும்வரை குமிழை மெல்லத் திருப்புங்கள். பிறகு போனைப் பொருத்துங்கள். இரண்டு மூன்று கேமரா உள்ள போனில் 1எக்ஸ் லென்ஸ்தான் ஐபீஸுக்கு நேரே வர வேண்டும். முதலில் திரை கறுப்பாகவோ ஓரத்தில் பிறை போல ஒரு வெளிச்சமாகவோ இருக்கும். போனை ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என நகர்த்திக்கொண்டே வந்தால் திடீரென்று முழு வட்டமும் திறக்கும். அங்கே திருகை இறுக்குங்கள்.

தொடக்கத்தில் பலருக்கும் படம் கெடுவது அடுத்த இடத்தில்தான். போனைத் தானியங்கி முறையில் விட்டால், சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துவிட்டு நிலவை வெளுக்க வைத்துவிடும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குப் போய் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/500 நொடி என்று தொடங்குங்கள். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 1/125 பக்கம் வர வேண்டியிருக்கும். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப் போன இடத்தை மீட்க முடியாது. ப்ரோ மோடு இல்லாத போனில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். விரல் பட்டால் குழாய் அதிரும், அதனால் 3 நொடி டைமர் வைத்து எடுங்கள்.

வீடியோவிலிருந்து படம்

ஒற்றைப் படத்தில் காற்றின் நெளிவு எப்படியும் கொஞ்சம் இருக்கும். அதைக் கழிக்க இதே அமைப்பில் 30 நொடி வீடியோ எடுங்கள். நொடிக்கு 30 படம் என்றால் 900 படங்கள் கிடைக்கும். பூமி சுழல்வதால் நிலவு தன் அகலத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே அது நுழைகிற பக்கத்து ஓரத்தில் நிலவை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், தானே நகர்ந்து போகும்.

இனி கணினி வேலை. மூன்று மென்பொருள்களும் இலவசம். பிப் என்பது வீடியோவை ஏ.வி.ஐ.யாக மாற்றி, நகர்ந்த நிலவை நடுவில் நிறுத்தும். ஆட்டோஸ்டாக்கர்ட் 900 படங்களையும் தரம் பிரிக்கும். அதில் சிறந்த 15 சதவீதத்தை மட்டும் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கச் சொல்லுங்கள். வருகிற படம் மழுங்கலாக இருக்கும், பயப்படாதீர்கள். அதை ரெஜிஸ்டாக்ஸில் திறந்து வேவ்லெட் பகுதியில் முதல் இரண்டு ஸ்லைடர்களை மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். மழுங்கலுக்குள்ளிருந்து பள்ளங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பள்ளத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைத்தால் அளவு மீறிவிட்டது, ஒரு படி பின்னால் வாருங்கள்.

எந்தத் திதியில் எந்தப் பள்ளம்

அஷ்டமியன்று டெர்மினேட்டரை ஒட்டி, நிலவின் மையத்துக்குப் பக்கத்தில் மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக நிற்கும்: டோலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாகெல். முதலாவது 150 கி.மீ.க்கு மேல் அகலம், தரை சமதளம். மற்ற இரண்டிலும் நடுவில் சிகரம் உண்டு. சரியான நேரம் வாய்த்தால் பள்ளம் முழுக்க இருட்டாகவும், சிகரத்தின் நுனி மட்டும் குண்டூசித் தலை போல மின்னியும் தெரியும். டாப்சோனியனில் காட்சி தலைகீழாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துத் தேடுங்கள்.

சஷ்டியன்று தியோஃபிலஸ், நவமியன்று டைகோ. ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். தசமியன்று கட்டாயம் டெலஸ்கோப்பை எடுங்கள்: 93 கி.மீ. அகலமுள்ள கோபர்னிக்கஸ் அன்றுதான் வெளிச்சத்துக்கு வரும். 10 மி.மீ. ஐபீஸில் அதன் உள்சுவர் படிக்கட்டு படிக்கட்டாக இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் நிழல் கொஞ்சம் சுருங்கியிருக்கும்.