டிஏடி தேர்வுக்கு எட்டே வாரம்: நேரத்தை விழுங்கும் தவறுகள்

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர டிஏடி எழுத வேண்டும். மூன்று நான்கு மாதம் ஒதுக்கி நிதானமாகப் படிப்பவர்கள் ஒரு பக்கம். செமஸ்டர் முடிந்த கையோடு ஆறு அல்லது எட்டு வாரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையினருக்கும் இது நடக்காத காரியம் இல்லை. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் மூன்றையும் கல்லூரியில் சமீபத்தில் படித்திருந்தால் நன்றாகவே நடக்கும். என்ன, நான்கு மாதத் திட்டத்தில் ஒரு வாரம் வீணானால் யாருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் ஒன்று போனால் ஆறில் ஒரு பங்கு போச்சு.

அந்த ஒரு வாரம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே போய்விடுகிறது. வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வண்ணப் பேனாவால் கோடு போட்டுப் படிக்க ஆரம்பிப்பார்கள். முதல் அத்தியாயம் செல்லின் அமைப்பாக இருக்கும், அது ஏற்கெனவே தெரிந்த பாடமாகவும் இருக்கும். படித்த திருப்தி கிடைக்கும், மதிப்பெண் நகராது. முதல் நாளே ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிவிடுவது நல்லது. மதிப்பெண் கேவலமாக வரட்டும், பரவாயில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை நாள் என்று பிரிக்க அதைவிட நம்பகமான கணக்கு வேறு இல்லை.

தேர்வின் கட்டமைப்பைப் பாருங்கள். அறிவியல் பகுதியில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. அடுத்து பிஏடி எனப்படும் உருவம் உணரும் திறன் பகுதி, 60 நிமிடத்தில் 90 கேள்விகள். அப்புறம் விருப்பமிருந்தால் அரை மணி நேர இடைவேளை. பிறகு வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, 60 நிமிடத்தில் 50 கேள்விகள். கடைசியாகக் கணிதம், 45 நிமிடத்தில் 40. அதாவது அறிவியலில் ஒரு கேள்விக்கு 54 வினாடி, பிஏடியில் 40 வினாடி. ஆழமாக யோசிக்க நேரமே கிடையாது. தெரிந்ததைச் சட்டென்று எடுக்கிற பழக்கம்தான் இங்கே சோதிக்கப்படுகிறது.

எம்கேட், அதாவது மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான புத்தகத்தை வைத்து டிஏடிக்குப் படிப்பது ஏன் வீண் என்பது இதிலிருந்தே புரியும். எம்கேட் ஒரு பத்தியைக் கொடுத்து அதைச் சுற்றிக் கேட்கும். உயிர்வேதியியலும் இயற்பியலும் நிறைய வரும். டிஏடியில் இயற்பியலே இல்லை. உயிரியல் கேள்விகள் பெரும்பாலும் தனித்தனியானவை, பரப்பு அதிகம், ஆழம் குறைவு. ஒளிச்சேர்க்கையின் ஒவ்வொரு நொதியையும் மனப்பாடம் செய்ய நாலு நாள் செலவழித்தவர், சூழலியலும் உயிரின வகைப்பாடும் தொடாமலே தேர்வுக்குப் போவார். இந்தக் கடலில் எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் கால் நனைத்தவருக்குத்தான் லாபம்.

கரிம வேதியியலில் வேறொரு பொறி இருக்கிறது: காணொளி. விளக்குபவர் வினையின் வழிமுறையை அழகாக வரைந்து காட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். காணொளியை நிறுத்திவிட்டு வெற்றுப் பலகையில் நீங்களே வரைந்து பாருங்கள், பாதியில் கை நிற்கும். ஒரு மணி நேரம் பார்த்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது கேள்விகள் போட வேண்டும். அவகாசம் குறைவு என்றால் பார்ப்பதைக் குறைக்கலாம், போடுவதைக் குறைக்கக் கூடாது.

இன்னொன்று, திரையில் கால்குலேட்டர் வருவது கணிதப் பகுதியில் மட்டும். வேதியியலில் கிடையாது. வீட்டில் கைப்பேசியைத் தட்டித் தட்டி பிஹெச் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் தேர்வறையில் லாகரிதத்தைப் பார்த்து விழிப்பார்கள்.

சரி, பிஏடிக்கு வருவோம். அவகாசம் குறைந்தவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கல்லூரியில் இதற்கென்று ஒரு பாடம் இல்லை. கல்விச் சராசரி என்று அறிக்கையில் வரும் எண்ணிலும் பிஏடி சேராது, தனியாகத்தான் நிற்கும். அதனால் "கடைசி வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கல்லூரிகள் அந்தத் தனி எண்ணையும் பார்க்கின்றன. கண்ணும் மனமும் பழகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். கடைசி வாரம் தினம் ஐந்து மணி நேரம் செய்வதைவிட, முதல் நாளிலிருந்து தினம் முக்கால் மணி நேரம் செய்தால் பலன் அதிகம்.

பிஏடியில் ஆறு வகைக் கேள்விகள், வகைக்கு 15. ஆறுக்கும் ஒரே மாதிரி நேரம் கொடுப்பதும் தவறுதான். கனசதுரம் எண்ணும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டி அடுக்கிய கனசதுரங்களுக்கு, தரையில் படும் பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கமும் வண்ணம் பூசியிருக்கிறது. இரண்டு பக்கம் வண்ணம் உள்ளவை எத்தனை, மூன்று பக்கம் உள்ளவை எத்தனை என்று கேட்பார்கள். ஒரே படத்தை வைத்துப் பல கேள்விகள் வரும். பழகாதவர் ஒவ்வொரு கேள்விக்கும் படத்தை முதலிலிருந்து எண்ணுவார். பழகியவர் 0 முதல் 5 வரை ஒரு சின்ன அட்டவணை எழுதி, ஒவ்வொரு கனசதுரமாக ஒரே முறை போய்க் கோடு போட்டுவிடுவார். தரையில் வரிசையாக மூன்று இருந்தால் ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் நான்கு பக்கம், நடுவில் உள்ளதற்கு மூன்று. ஒரு தூணின் உச்சியில் தனியாக நிற்பதற்கு ஐந்து. கோடுகளின் மொத்தமும் கனசதுரங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அந்தப் படத்தின் எல்லாக் கேள்விக்கும் விடை கையில் இருக்கிறது. சில நாள் பழகினால் முழு மதிப்பெண்ணும் எடுக்கக்கூடிய வகை இது. இங்கே மிச்சமாகும் நிமிடங்களை, ஒரு பொருள் எந்தத் துளை வழியே நுழையும் என்று கேட்கும் கடினமான வகைக்குக் கொடுக்கலாம். தேர்வு மையத்தில் எழுத அழிபலகையும் மார்க்கரும்தான் தருவார்கள் என்பதால், அட்டவணையை வீட்டிலும் அதில் போட்டே பழகுங்கள்.

மாதிரித் தேர்வுகளை எழுதித் தள்ளுவதும் ஒரு நோய். எத்தனை எழுதினேன் என்று பெருமையாகச் சொல்வார்கள், தவறியதை எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. 4 மோல் ஹைட்ரஜனும் 1 மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் எத்தனை மோல் நீர் கிடைக்கும் என்று ஒரு கேள்வி. 4 என்று குறித்துவிட்டு, சரியான விடை 2 என்று பார்த்ததும் "கவனக்குறைவு" என்று எழுதி நகர்ந்துவிடுகிறார் ஒருவர். அது கவனக்குறைவு இல்லை. எந்த வினைபடுபொருள் முதலில் தீரும் என்று பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. அடுத்த தேர்விலும் அதே இடத்தில்தான் விழுவார். "இரண்டின் அளவும் கொடுத்தால், எது முதலில் தீரும் என்று பார்" என்று ஒரே வரி எழுதி வைத்திருந்தால் முடிந்தது. ஒரு தேர்வு எழுதும் நேரத்துக்குச் சமமான நேரம் அதை அலசவும் வேண்டும். ஊகித்துச் சரியாக வந்ததையும் தவறாகவே எண்ணிப் பாருங்கள். உண்மைத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2025 மார்ச் முதல் 200 முதல் 600 வரையிலான அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் 1 முதல் 30 வரை இருந்தது. "20 எடுத்தால் போதும்" என்று சீனியர் சொன்னதை வைத்து இன்றைய இலக்கை முடிவு செய்யக் கூடாது.

படிப்பு மும்முரத்தில் காகித வேலையை மறப்பவர்கள் ஏராளம். டென்ட்பின் எனும் விண்ணப்பதாரர் அடையாள எண் வாங்கி, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்திடம் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் தேர்வை நடத்தும் புரோமெட்ரிக் நிறுவனத்தின் மையத்தில் தேதி எடுக்க முடியும். வசதியான தேதிகள் சீக்கிரம் போய்விடும். இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். விண்ணப்பத்தில் வெறும் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயரும் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும், கட்டிய பணமும் போகும். விண்ணப்பிக்கும் அன்றே அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

தேதியைத் தள்ளிப்போடுவது தோல்வி என்று நினைத்து, தயாராகாமலே போய் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. கல்லூரி விண்ணப்பங்கள் கோடையின் தொடக்கத்திலேயே போகத் தொடங்குகின்றன, பல கல்லூரிகள் வந்த வரிசையில் பரிசீலிக்கின்றன, அந்த அவசரம் நியாயமானதுதான். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்ததற்கு 60 நாள் காத்திருக்க வேண்டும், குறைந்த மதிப்பெண்ணும் அறிக்கையில் இருக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, நேரம் வைத்து எழுதிய கடைசி இரண்டு முழு மாதிரித் தேர்வுகளைப் பாருங்கள். இரண்டிலும் இலக்குக்கு வெகு கீழே இருந்தால் அன்றே தேதியை மாற்றுங்கள். நாள் நெருங்க நெருங்க அதற்கான கட்டணம் கூடும்.