மேகம் மூடினால் எத்தனை கிலோவாட் குறையும்? கணக்குப் போடும் முறை

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம். தறிகளின் பளு, அதாவது அவை இழுக்கும் மின்சாரம், 120 கிலோவாட், கூரையில் 100 கிலோவாட் சோலார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் எத்தனை யூனிட் வந்தது என்பது பில்லுக்கான கணக்கு. கால்மணி நேரத்தில் எவ்வளவு சரிந்தது என்பதுதான் மின்தொகுப்புக்கான (ஊர்களையும் மின்நிலையங்களையும் இணைக்கும் கம்பி வலைக்கான) கணக்கு.

படி 1: இன்வெர்ட்டர் ஆப்பிலிருந்து மார்ச், ஜூலை, நவம்பர் மாத அளவுகளை 15 நிமிட இடைவெளியில் எடுங்கள். மின்தொகுப்பிலும் ஒரு நாளை 96 கால்மணித் துண்டுகளாக்கித்தான் திட்டமிடுகிறார்கள். 5 நிமிட அளவு கிடைத்தால் இன்னும் நல்லது. திடீர்ச் சரிவுகள் அதில்தான் தெரியும்.

படி 2: ஒவ்வொரு மாதத்துக்கும் மேகமே இல்லாத ஒரு நாளைப் பொறுக்குங்கள். கவிழ்த்த கிண்ணம் போல வரைபடம் வழவழப்பாக இருக்கவேண்டும். நவம்பருக்கு மார்ச் நாளை வைத்தால் சூரியனின் சாய்வும் மேகத்தின் கணக்கில் ஏறிவிடும். பேனலில் பஞ்சுத்தூசி படிந்திருந்தாலும் கணக்கு தப்பும்.

படி 3: மேக நாளின் அளவை, அதே நேரத்துத் தெளிந்த நாள் அளவால் வகுங்கள். மெல்லிய வெண்மேகத்துக்கு 0.8 போல வரும்; கருத்து மூடினால் 0.2, அதற்கும் கீழே. சில துண்டுகளில் 1-ஐத் தாண்டும். மீட்டர் கோளாறு என்று அழித்துவிடாதீர்கள். மேக விளிம்பில் சிதறும் ஒளி நேர்வெயிலோடு சேர்வதால் வருவது அது. நிழலில் சூடு தணிந்த பேனலும் கொஞ்சம் கூடுதலாகத் தரும்.

படி 4: பளுவிலிருந்து சோலாரைக் கழியுங்கள். உச்சிவெயிலில் சோலார் 75 கிலோவாட் தந்தால் 120 − 75 = 45. மூட்டத்தில் அது 15 ஆகச் சரிந்தால் 120 − 15 = 105. சில நிமிடங்களில் 60 கிலோவாட் கூடுதல் பளு மின்தொகுப்பின் தலையில் விழுகிறது. பொழுது சாய்ந்தால் 120-ம் அதன் பொறுப்பு. 45-ஐ நம்பி அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 5: ஒரு கூரையின் சரிவை அப்படியே ஊருக்குப் பெருக்கக் கூடாது. ஆடி மேகம் துண்டு துண்டாகப் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடும். பல்லடத்தில் நிழல் விழும்போது காங்கயத்தில் வெயிலடிக்கும். பல கூரைகளைக் கூட்டினால் ஏற்ற இறக்கம் தணியும். அந்தக் காற்றே உடுமலைக் காற்றாலைகளையும் சுழற்றும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு மாதிரி. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் மப்பும் மந்தாரமும். காற்றாலைகளும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். சோலார் சரியும்போது கைகொடுக்க மின்தொகுப்பில் தயாராக வைக்கும் கையிருப்புத் திறனை அந்த மாத அளவுகளை வைத்தே முடிவுசெய்யுங்கள், ஆண்டுச் சராசரி உதவாது. இப்படி 1,600 கூரைகள் ஒருசேர 60 கிலோவாட் இழந்தால் 96 மெகாவாட். ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையத்தின் (நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம்) நான்கு 100 மெகாவாட் எந்திரங்களில் ஒன்று ஏறக்குறைய முழுதாக ஓடவேண்டும்.