உறைபனிக்கு முன் கேரவனின் தண்ணீர்க் குழாய்களுக்குச் செய்ய வேண்டியவை

தொட்டியைக் காலி செய்தால் போதும் என்றுதான் முதல் ஆண்டு நினைத்தேன். குளிர்காலம் முடிந்து பம்பை ஓட்டியதும் வெளிப்புற ஷவர் பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டது. அங்கே தேங்கியிருந்தது ஒரு டம்ளர்கூட இருக்காது. ஆனால் உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது; வால்வு பிளந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தொட்டியைவிட மூலைகளைப் பற்றியே கவலை.

வாட்டர் ஹீட்டரின் கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். பம்பையும் நிறுத்தி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கிய பிறகே ஹீட்டரின் அடைப்பைக் கழற்ற வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. வெந்நீர் முகத்தில் அடிக்கும். தொட்டியையும், வண்டிக்கு அடியிலுள்ள வடிகால்களையும் திறந்துவிடுங்கள்; எல்லாம் வடிந்ததும் மூடிவிடுங்கள். வடிகட்டியின் உள்ளுறையை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஹீட்டருக்குள் போகாமல் சுற்றுவழியில் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. என் ஹீட்டர் 23 லிட்டர் கொள்ளும். வால்வைத் திருப்பாமல் விட்டால், குழாய்களில் நிரப்ப வாங்கிவைத்த ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் எளிதில் உறையாத திரவம்) முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு நிற, புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தை மட்டுமே வாங்குங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. நீங்கள் குடிக்கும் தண்ணீர் வரும் வழி இது என்பதை மறக்காதீர்கள். எனக்கு ஏறத்தாழ 10 லிட்டர் செலவாகிறது.

பம்பின் உறிஞ்சுகுழாயைக் கேனுக்குள் விட்டு பம்பை ஓட்டுங்கள். பம்புக்கு அருகிலுள்ள குழாயில் தொடங்கி, குளிர்நீர், சுடுநீர் இரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இளஞ்சிவப்பு வந்ததும் மூடுங்கள். ஷவர், கழிப்பறைப் பெடல், பிறகு மறக்காமல் அந்த வெளிப்புற ஷவர். அதற்கும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. வெளித் தண்ணீர் இணைப்பின் சல்லடையை எடுத்து, உள்ளேயிருக்கும் ஒருவழி வால்வை மெல்ல அழுத்தி, அங்கேயும் நிறம் வருகிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. சிங்க்குகளுக்கும் ஷவர் தரைக்கும் கீழே வளைந்திருக்கும் கழிவுக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றிவிடுங்கள்.

கடைசியாக ஹீட்டரின் சுவிட்சுமேல் ‘உள்ளே தண்ணீர் இல்லை’ என்று எழுதி ஒட்டிவிடுகிறேன். வெறும் ஹீட்டரில் மின்சாரம் பாய்ந்தால் அதன் வெப்பக் கம்பி சில நொடிகளில் கருகிவிடும்.