பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்து மேய்தல்: எட்டுப் பேர், இரண்டு அளவுக்கட்டை

சுவர் நன்றாக இருந்து கூரை மட்டும் ஒழுகும் மங்களூர் ஓட்டு வீடுகளுக்கான செய்முறை இது. நாட்டு ஓட்டுக்குப் பொருந்தாது. தை பிறந்ததும் தொடங்கி சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். தென்காசி, குமரிப் பக்கம் ஜூனிலேயே சாரல் வந்துவிடும். வேலை நாளில் தார்ப்பாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கணக்குக்கு 24 அடி நீளம், 13 அடி சரிவுள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 12 வரிசை, வரிசைக்கு 35 ஓடு, ஆக 420. பத்துக்கு ஒன்று உடையும் என்று வைத்து 45 ஓடு உபரியாக வாங்குங்கள். ஓடு ஒன்று சுமார் இரண்டரை கிலோ என்றால் ஒரு சரிவில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அக்கம்பக்கத்து ஆள் தேவைப்படுவது இதற்குத்தான்.

ஆள் பிரிப்பு

உயரம் பழகிய இருவர் மேலே, ஏணியில் ஒருவர், ஏணியைப் பிடிக்க ஒருவர், சுமக்க இருவர், தேங்காய் நார் பிரஷ்ஷால் பாசி தேய்க்க இருவர். வீட்டுக்காரர் கீழேதான் நிற்க வேண்டும். ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஒருவர் வேண்டும். ஓட்டைக் கைமாற்றித்தான் இறக்க வேண்டும். தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். எல்லோருக்கும் கையுறை கட்டாயம், ஓட்டுக்கு அடியில் தேளும் பூரானும் குடியிருக்கும். கூரையை ஒட்டி மின்சார சர்வீஸ் ஒயர் போனால் முதல் நாளே வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்யுங்கள்.

பிரித்தல்

முகட்டு ஓட்டில் தொடங்கி மேலிருந்து கீழே வாருங்கள். மோட்டுவளை (முகட்டில் நீளவாக்கில் ஓடும் உத்திரம்) இரண்டு பக்கச் சுவரிலும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு சரிவை மட்டும் பிரிக்கலாம். ஆடுகிறதென்றால் அதற்குமேல் கை வைக்காமல் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

இறக்கிய ஓட்டைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது விரியும். சுவரோரம் நெட்டுக்குத்தாகச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அதை ஒதுக்குங்கள். முதுகில் இருக்கும் முத்திரையையும் பாருங்கள். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் முதல் ஆலையைத் தொடங்கிய பிறகு எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. ஆலைக்கு ஆலை அளவு சில மில்லிமீட்டர் மாறும். ஒரே சரிவில் இரண்டு முத்திரைகளைக் கலந்தால் வரிசை பாம்பாக நெளியும்.

மரம்

கைமரத்தை (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் மரம்) ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். சுவரில் உட்காரும் நுனியைத்தான் கரையான் முதலில் பிடிக்கும். மரத்துக்குப் பூச முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் என் தேர்வு. தோலில் பட்டால் கொப்புளம் போடும், அதனால் பூசுபவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

ரீப்பர் இடைவெளி (அவசரப்படாதீர்கள்)

பழைய ரீப்பர் (கைமரங்களின் குறுக்கே அடித்து ஓட்டை மாட்டும் மரச்சட்டம்) இருந்த இடத்திலேயே புதியதை அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஓடு மாறினால் இடைவெளியும் மாறும்.

தரையில் 11 ஓட்டை ஒன்றன்மேல் ஒன்று கோத்து ஒரே வரிசையாக நீட்டுங்கள். எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டின் மூக்கிலிருந்து (ரீப்பரில் மாட்டும் புடைப்பு) பதினோராவது ஓட்டின் மூக்கு வரை அளங்கள். 316 செ.மீ. வருகிறதென்று வைப்போம். பிறகு கோப்பு விடாமல் இழுத்து அளங்கள், 324 வருகிறது. இடையில் பத்து இடைவெளிகள். ஆக ஒரு இடைவெளி 31.6க்குக் குறையவும் 32.4ஐத் தாண்டவும் கூடாது.

இனி கூரை. இறவாணச் சட்டத்தை, அதாவது கூரையின் கீழ் விளிம்புச் சட்டத்தைத் தாண்டி ஓடு 6 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி முதல் ரீப்பரையும், முகட்டு ஓடு மூடும்படி கடைசி ரீப்பரையும் குறியுங்கள். இடைத் தூரம் 351 செ.மீ. என்றால், அதை 11ஆல் வகுக்க 31.9. சரியாக உட்காரும். 340 வந்தால்? பத்துக்கு 34, பதினொன்றுக்கு 30.9, இரண்டுமே உதவாது. அப்போது இறவாண நீட்டத்தையும் முகட்டருகே விடும் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஓட்டை இழுத்துச் சமாளித்தால் மேற்படிவு குறைந்து ஆடிக்காற்று தண்ணீரை உள்ளே ஏற்றும். நெருக்கினால் மூக்கு ரீப்பரில் பிடிக்காமல் ஓடு தூக்கி நிற்கும்.

டேப்பால் ஒவ்வொன்றாக அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். இடைவெளியிலிருந்து ரீப்பர் அகலத்தைக் கழித்து இரண்டு அளவுக்கட்டைகளை அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியிலும் கட்டையை வைத்து ரீப்பரை அதில் முட்டவிட்டு ஆணி அடியுங்கள். மூன்று ரீப்பருக்கு ஒருமுறை நூல் பிடியுங்கள்.

இறவாணச் சட்டம் மற்ற ரீப்பரைவிட முக்கால் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். இறவாண வரிசை ஓட்டின் வாலுக்கு அடியில் தாங்க வேறு ஓடு கிடையாது. உயர்த்தாவிட்டால் அந்த வரிசை மட்டும் தலைகுனியும்.

மேய்தல்

ஓட்டின் எந்தப் பக்கத்தில் திறந்த பள்ளம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த ஓடு வரும். அதற்கு எதிர் முனையில், இறவாணத்தில் தொடங்குங்கள். இறவாண வரிசையையும் இரண்டு ஓரத்து ஓடுகளையும் மூக்கில் உள்ள துளை வழியாகக் கம்பி கோத்து ரீப்பரில் கட்டிவிடுங்கள், காற்று முதலில் கிளப்புவது இவற்றைத்தான். மேலே நடக்க, முகட்டைத் தாண்டிக் கயிறு கட்டிய பலகை ஏணி வேண்டும்.

முகட்டு ஓட்டை ஊறவைத்து, 1:3 சுண்ணாம்பு மணல் கலவையில் பதியுங்கள். சிமென்ட் வேண்டாம். அது இறுகி விரியும், பிறகு பிரித்தால் ஓட்டையும் சேர்த்து உடைக்கும். கலவை ஓரத்தில் மட்டும் இருக்கட்டும், உள்ளே அடைக்காதீர்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு போடுங்கள்.

பிறகு சேர்த்தது: புதுக் கூரையும் ஒழுகுகிறது என்று கேட்டவர்களுக்கு: சொட்டும் இடத்துக்கு நேர்மேலே தேடாதீர்கள். தண்ணீர் கைமரம் வழியாக இறங்கி வந்துதான் சொட்டும், சரிவில் மேல்நோக்கித் தேடுங்கள். வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு போடுபவர்கள் ரீப்பர் அளவெடுக்கும் முன்பே அதை வாங்கி, அந்த 11 ஓட்டு வரிசையில் ஒன்றாகச் சேர்த்துக் கோத்துப் பாருங்கள்.