நாவலைத் தானே எழுதித் தானே வெளியிடுபவர் சறுக்கும் இடங்கள்

சொந்தமாக நாவல் எழுதி, சொந்தமாகவே வெளியிடுபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: வேண்டாம் என்று சொல்ல ஆள் கிடையாது. சங்கடமும் அதேதான். பதிப்பகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி நாலு பேர் கண்ணில் பட்டுத்தான் அச்சுக்குப் போகும். இங்கேயோ இரவு கோப்பை ஏற்றினால், இரண்டு மூன்று நாளுக்குள் புத்தகம் விற்பனைக்கு வந்து நிற்கும். அந்த நாலு பேர் பார்த்திருக்க வேண்டியதை யார் பார்ப்பது?

பெண்களின் வாழ்க்கையை மையமாக வைத்து எழுதும் நாவல்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே பிணமும் இல்லை, துப்பறிபவரும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்ட வைப்பது ஒரு மனுஷியின் மனசும் அது மாறும் விதமும்தான். அது கொஞ்சம் தொய்ந்தாலும் வாசகர் கீழே வைத்துவிடுவார். இந்த வகையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, எழுதத் தொடங்கியவர் வாசகராக இருப்பதை விட்டுவிடுவதால் வருகிறது என்பது என் கணிப்பு.

காதல் கதை என்று நம்ப வைப்பது

முதல் தவறு விற்பனைப் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே நிபந்தனைகளை வகுத்தது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு நிறைவாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். பெண்மைய நாவலுக்கு இந்த இரண்டுமே கட்டாயமில்லை. அதில் காதல் வரலாம், போகலாம். நாயகிக்கும் அவள் அம்மாவுக்கும், தோழிக்கும், வேலைக்கும், அவளுக்கே அவளுக்கும் இடையில் நடப்பதுதான் கதை.

ஆனால் காதல் நாவல் அதிகம் விற்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அட்டையில் கட்டிப்பிடித்து நிற்கும் ஜோடியைப் போட்டு, காதல் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் நாயகி அவனை அனுப்பிவிட்டுத் தனியாக வாழ முடிவெடுக்கிறாள். வாசகர் ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? எழுதிய விதத்தில் குறையே இல்லாவிட்டாலும், அவர் கேட்டது வேறு, கையில் கொடுத்தது வேறு. அமேசானில் நாமே நூலை வெளியிட உதவும் தளமான கேடிபியில் ஒரு நூலுக்கு மூன்று பிரிவுகளும், வாசகர் தேடும்போது நூல் கண்ணில் பட உதவும் ஏழு கீவேர்டுகளும் கொடுக்க இடம் உண்டு. அந்தப் பத்துப் பெட்டிகளை நிரப்ப ஐந்து நிமிஷம்கூட ஒதுக்காதவர்கள், அதற்கு முன் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

அழுதாள், துடித்தாள், உடைந்தாள்

எழுத்துக்கு வருவோம். உணர்ச்சிதான் இந்த நாவலின் சரக்கு என்பதால், உணர்ச்சியின் பெயரை எழுதினால் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஒரு உதாரணம். அம்மா இறந்தபின் வீட்டை விற்க அக்காவும் தங்கையும் வந்திருக்கிறார்கள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

'வீட்டை விற்கப்போகிறோம் என்பதை நினைத்ததும் அக்காவின் மனம் சுக்குநூறாக உடைந்தது. தங்கையின் மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.'

இதையே திரும்ப எழுதினால்:

'தங்கை பட்டியலை வாசித்துக்கொண்டே போனாள். பீரோ, கட்டில், தையல் மெஷின். "மெஷினை நீ எடுத்துக்கறியாக்கா? இல்ல யாருக்காவது குடுத்துடவா?" அக்கா அதன் இழுப்பறையைத் திறந்தாள். பாதி தைத்த தலையணை உறை, அதில் நூல் கோத்தபடி ஒரு ஊசி. "குடுத்துடு" என்றாள். பிறகு உறையை மட்டும் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.'

கோபம் என்ற சொல்லே இதில் இல்லை, ஆனால் 'குடுத்துடு' என்பதில் அது இருக்கிறது. தங்கை அதைக் கவனிக்கவில்லை என்பதும் கதைதான். முதல் வரைவை வாசிப்பவருக்குத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. இரண்டாவதில் அவரே ஊகிக்கிறார்.

அதற்காகக் காட்சிக்குக் காட்சி ஒரு ஊசி, ஒரு உடைந்த கோப்பை, ஒரு பழைய கடிதம் என்று வைத்துக்கொண்டே போனால் அது வேறொரு வியாதி. சில இடங்களில் 'அவளுக்குக் கோபம் வந்தது' என்று எழுதிவிட்டு நகர்வதே நல்லது.

அப்புறம், நாயகிக்கு எல்லாமே 'நடக்கிறது'. கணவன் ஏமாற்றுகிறான், மாமியார் திட்டுகிறார், முதலாளி வேலையை விட்டு நிறுத்துகிறார், அவள் தாங்கிக்கொள்கிறாள். இருநூறு பக்கம் தாங்கிக்கொள்ளும் ஒருத்தி மேல் வாசகருக்கு முதலில் பரிதாபம் வரும், பிறகு சலிப்புதான் வரும். அவள் ஒரு தப்பான முடிவாவது எடுக்கட்டும். பொய் சொல்லட்டும், தோழிக்குத் துரோகம் செய்யட்டும், பிறகு அதன் விலையைக் கொடுக்கட்டும். நாயகி நல்லவளாகவே இருக்க வேண்டும் என்ற கவலை எழுதுபவருக்குத்தான் அதிகம், வாசகருக்கு அவ்வளவு இல்லை. அதே போல, கணவனை முழு அயோக்கியனாக்கிவிட்டால் அவனை விட்டு வருவது சுலபமாகிவிடும். கொஞ்சம் நல்லவனாக இருப்பவனை விட்டு வருவதில்தான் நாவலுக்குத் தீனி இருக்கிறது.

முதல் அத்தியாயத்திலேயே பிறந்தது, படித்தது, கல்யாணமானது எல்லாவற்றையும் கொட்டுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெட்டி எடுத்து ஐந்தாம் அத்தியாயத்தில் வையுங்கள். அங்கேயும் பாதி தேவைப்படாது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தோழியின் விவாகரத்து, அத்தையின் கருச்சிதைவு, அலுவலகத்தில் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னது என்று பிறர் வாழ்க்கையிலிருந்து எடுக்காமல் இந்த வகை நாவல் எழுதுவது கஷ்டம். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. ஒருவர் தன்னை அடையாளம் கண்டுகொள்வது பெயரால் கிடையாது, தான் சொன்ன ஒரு வாக்கியத்தால். நடந்ததிலிருந்து ஒரே ஒரு உணர்வை எடுத்துக்கொண்டு, சம்பவத்தை முழுக்கப் புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பான வழி. கதையும் அப்போதுதான் நன்றாக வரும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

முதல் வாசகரிடம் இப்படிக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்? யார் யாரோடு குழம்பினார்கள்? எதைத் தாவிப் படித்தீர்கள்? யார் மேல் எரிச்சல் வந்தது? இப்படிக் கேட்டால் வேலைக்காகும். கேட்கப்படுபவர் இந்த வகை நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவராக இருக்க வேண்டும். வீட்டு ஆட்கள் அதற்குத் தோதுப்பட மாட்டார்கள். பிழைதிருத்தத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் அவசியம். அதற்கு வழியே இல்லையென்றால், முழு நாவலையும் வாய்விட்டுப் படியுங்கள். வசனங்களில் பொய்யாக ஒலிப்பது எது என்று நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னட்டையும் அட்டையும்

'வாழ்க்கை என்னும் பயணத்தில் ஒரு பெண் சந்திக்கும் வலிகளும் கண்ணீரும் வெற்றியும்...' இந்தக் குறிப்பை எந்த நாவலின் பின்னட்டையிலும் அச்சடிக்கலாம். அதனால்தான் அது எந்த நாவலையும் விற்காது. அதே அக்கா தங்கை கதைக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'அம்மாவின் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம். வருஷக்கணக்காக முகம் பார்க்காத அக்காவும் தங்கையும் அதற்காக ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். வீடு அக்கா பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டது என்பது இரண்டாம் நாள் தெரியவருகிறது. அக்காவுக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்பது ஐந்தாம் நாள்.'

நாயகி யார், அவளுக்கு என்ன சிக்கல், ஏன் இப்போதே முடிவெடுக்க வேண்டும் என்பது இருந்தால் போதும். அட்டையைப் பொறுத்தவரை, கணினித் திரை முழுக்க விரித்து ரசிக்காமல் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

கேடிபி செலக்ட் என்பது மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ளும் திட்டம். அதில் சேர்ந்தால் மின்னூலை 90 நாட்களுக்கு வேறு கடையிலோ தளத்திலோ மின்வடிவில் கொடுக்கக் கூடாது. இலவசமாகக்கூடக் கூடாது. தன் சொந்தத் தளத்தில் தொடராகப் போட்ட நாவலை நீக்காமலேயே பலர் சேர்த்துவிடுகிறார்கள். முன்னோட்டமாகப் பத்து சதவீதம் வரை மட்டுமே வெளியே வைக்கலாம். காலம் முடிந்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும். சேர்வதில் லாபமும் உண்டு: ஒவ்வொரு 90 நாளிலும் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களும் கிடைப்பார்கள். ஆனால் அங்கே 2015 ஜூலையிலிருந்து வாசிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் பணம். முதல் அத்தியாயத்தோடு ஒருவர் மூடிவிட்டால், மீதி முந்நூறு பக்கத்துக்குச் சல்லிக்காசு வராது.

விமர்சனங்களிலும் இதே அலட்சியம்தான். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை. 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்ற ஒப்பந்தமும் கூடாது. இலவசப் பிரதி கொடுக்கலாம். ஆனால் விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. மோசமான விமர்சனம் வந்தால் பதில் எழுதாதீர்கள். 'நீங்கள் சரியாகப் படிக்கவில்லை' என்று எழுத்தாளர் போடும் ஒரு வரி, அந்த விமர்சனத்தைவிட அதிகமான ஆட்களை விரட்டும்.

விளம்பரம் பற்றிச் சுருக்கமாக. தினமும் 'என் நாவலை வாங்குங்கள்' என்று பதிவு போட்டால், அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் நாவலை விற்க வந்திருக்கும் மற்ற எழுத்தாளர்களாகத்தான் இருப்பார்கள். சமூக ஊடகம் நாளைக்கே விதியை மாற்றிவிடும். வாசகர்கள் விரும்பிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகளோ உங்களிடமே இருக்கும். முதல் நாவலுக்கே சேமிப்பையெல்லாம் விளம்பரத்தில் கொட்ட வேண்டாம். அது பிடித்துப்போனவருக்கு அடுத்து வாங்க உங்களிடம் இரண்டாவது நாவல் இருக்காது.

படிப்பதை நிறுத்துவது

எழுதும்போது பிறரைப் படித்தால் நடை ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு. ஒட்டினால்தான் என்ன, திருத்தும்போது உரிந்துவிடும். படிக்காமலே இருப்பவர், பத்து வருஷத்துக்கு முன் தேய்ந்துபோன திருப்பத்தைப் புதுசு என்று நம்பி எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொரு வகையினர் தாங்கள் எழுதும் வகையையே தாழ்வாக நினைப்பவர்கள். 'இது வழக்கமான பெண்கள் நாவல் இல்லை' என்று பின்னட்டையிலேயே போடுவார்கள். இந்த ஏளனம் புதிதல்ல. 1991இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் ஆறு நாவல்கள் இருந்தன, ஒன்றுகூடப் பெண் எழுதியதில்லை. அதன் எதிர்வினையாகத்தான் பெண் எழுத்தாளர்களுக்கான தனிப் பரிசு ஒன்று பிரிட்டனில் 1996 முதல் வழங்கப்படுகிறது. பெண்கள் நாவல் என்று பெயரிடுவதே சரியா என்ற வாதம் இன்றும் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் அந்த வகையை ஆசையாக வாங்குபவரிடமே அதை இளக்காரமாகப் பேசிவிட்டு, அவரிடமே விற்பது எந்த ஊர் நியாயம்?

படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். எங்கே கவனம் விலகியது, எங்கே தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள் என்று ஓரத்தில் ஒரு கோடு போதும். நண்பரின் நாவலுக்கு மரியாதைக்காக ஐந்து நட்சத்திரம் போடுவதைவிட, படித்துவிட்டு அவரிடம் நேராகப் பேசுவது மேல். உங்கள் வகையில் நன்றாக விற்கும் நாவல்களின் மூன்று நட்சத்திர விமர்சனங்களையும் தேடிப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் போடுபவர் மயங்கிப்போயிருப்பார், ஒன்று போடுபவர் கடுப்பில் இருப்பார். மூன்று போட்டவர்தான் எந்தப் பக்கத்தில், ஏன் தனக்கு அலுத்தது என்று நிதானமாக எழுதியிருப்பார்.