விற்பனைக்கு ஏஜென்ட் வைக்கிறீர்களா? பொறுப்பு யார் தலையில் விழும் என்று முதலில் பாருங்கள்

பண்ருட்டியில் முந்திரி உடைத்துப் பருப்பு விற்கும் ஒருவர், புதுச்சேரி ஸ்வீட் கடைகளில் ஆர்டர் பிடிக்க ஓர் ஏஜென்ட்டை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கிலோ 850க்குக் கீழே போகாதே, கடன் கொடுக்காதே, பணத்தைக் கையில் வாங்காதே" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார். ஆறு மாதத்துக்குள் மூன்றும் நடந்துவிடுகிறது. "அப்போதே சொன்னேனே" என்று ஏஜென்ட்டிடம் சண்டை போடலாம். கடைக்காரரிடம் அந்தப் பேச்சு எடுபடாது, ஏனென்றால் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஏஜென்ட்டிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்கள் இருவருக்குள் இருக்கும் கணக்கு. வெளியாள் என்ன நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்துத்தான் வெளியாளுக்கான பொறுப்பு முடிவாகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பாதி வழக்குகள் வருகின்றன.

இதற்கான சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 182 முதல் 238 வரை இருக்கிறது. வேலை கொடுப்பவரை முதல்வர் என்றும், அவருக்காக வெளியாளிடம் காரியம் நடத்துபவரை முகவர் என்றும் சட்டத் தமிழில் எழுதுவார்கள். இங்கே முதலாளி, ஏஜென்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் படி: அவர் உண்மையில் ஏஜென்ட்தானா?

கடையில் எல்லோரையும் 'நம்ம ஏஜென்ட்' என்று சொல்லிவிடுகிறோம். பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கடைக்குப் போகும் பில் யார் பேரில்? விற்காத சரக்கு யார் நஷ்டம்? அவருக்குக் கிடைப்பது கமிஷனா, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமா?

பில் அவர் பேரில், நஷ்டம் அவருக்கு, லாபம் விலை வித்தியாசத்தில் என்றால் அவர் உங்களிடம் சரக்கு வாங்கி விற்கும் வியாபாரி. அவர் கடைக்காரரிடம் கொடுக்கும் வாக்கு உங்களைக் கட்டாது. பில் உங்கள் பேரில், அவருக்குக் கமிஷன் மட்டும் என்றால் அவர் ஏஜென்ட். இந்தக் கட்டுரை முழுக்க அவரைப் பற்றியதுதான். சம்பளம் இல்லாமல், கமிஷனும் இல்லாமல், உதவியாகச் செய்கிற மச்சானும் சட்டப்படி ஏஜென்ட் ஆகலாம். ஏஜென்ட் ஆவதற்குக் கூலி பேசியிருக்க வேண்டியதில்லை என்று பிரிவு 185 சொல்கிறது.

ஜிஎஸ்டிக்கும் இந்த 'பில் யார் பேரில்' என்பதே முக்கியமான கேள்வி. கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட்டாகவே இருந்தாலும், உங்கள் சரக்கை அவர் தன் பேரில் பில் போட்டு விற்றால், நீங்கள் அவருக்குச் சரக்கு அனுப்புவதே சப்ளை, அதாவது வரிக்குரிய விற்பனை போல, ஆகிவிடும். ஏஜென்ட் மூலம் விற்ற சரக்கின் வரிக்கு முதலாளி, ஏஜென்ட் இருவருமே கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு (மத்திய ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 86). கடலூரிலிருந்து எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினாலே புதுச்சேரி, வேறு ஆட்சிப் பகுதி. அதனால் அந்தப் பில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி பில்லாக இருக்க வேண்டும். கணக்காளரிடம் இதை முதல் லோடு போகும் முன்பே கேளுங்கள்.

இரண்டாம் படி: அதிகாரக் கடிதம்

லெட்டர்பேடில் ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் தெளிவு இருக்க வேண்டும். "எங்கள் விற்பனையைக் கவனித்துக்கொள்வார்" என்று எழுதுவது எழுதாததைவிட ஆபத்து. ஒரு வேலைக்கு அதிகாரம் கொடுத்தால், அந்த வேலையை முடிக்கத் தேவையான, சட்டத்துக்கு உட்பட்ட எல்லாக் காரியத்துக்கும் அதிகாரம் கொடுத்ததாகவே ஆகும் என்கிறது பிரிவு 188. 'கவனித்துக்கொள்வார்' என்ற வார்த்தைக்குள் விலை குறைப்பது, கடன் கொடுப்பது, பணம் வாங்குவது எல்லாம் நுழைந்துவிடும்.

மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

"இக்கடிதம் கொண்டுவருபவர் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர் பகுதிகளில் எங்கள் முந்திரிப் பருப்புக்கு ஆர்டர் எடுக்க மட்டும் அதிகாரம் பெற்றவர். விலை எங்கள் மாதாந்திர விலைப்பட்டியல்படி. பட்டியலுக்குக் கீழே விலை பேசவும், கடன் தவணை கொடுக்கவும், ரொக்கம் அல்லது காசோலை பெறவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் இவருக்கு அதிகாரம் இல்லை. ஆர்டர் எங்கள் அலுவலகம் எழுத்தில் உறுதி செய்த பிறகே செல்லும். இக்கடிதம் 31.03 வரை செல்லும்."

கடைசித் தேதி போடாமல் கடிதம் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் தொல்லை இருக்கும். ஆனால் பழைய கடிதம் ஐந்து வருஷம் கழித்து யாரோ ஒருவரின் பையிலிருந்து வெளிவரும் தொல்லை இராது.

உங்கள் பெயரில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவோ, வழக்கு நடத்தவோ அதிகாரம் கொடுப்பதானால் லெட்டர்பேட் போதாது, முத்திரைத் தாளில் பவர் எழுத வேண்டும். நிலம் விற்கிற பவர் முற்றிலும் வேறு சங்கதி. தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பவரை மட்டும் வைத்து நிலத்தின் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்சில் இருக்கிற உறவினருக்காகப் பவர் பார்க்கிற புதுச்சேரிக்காரர்கள் இதைத் தனியாக வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: "இவர் தன் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது." வழக்கமோ தேவையோ இல்லாமல் ஏஜென்ட் தன் வேலையை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது என்பதுதான் சட்டம் (பிரிவு 190). இருந்தாலும் 'தம்பி வந்து வாங்கிப்பான்' என்ற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

மூன்றாம் படி: கடைக்குத் தெரிய வேண்டும்

எழுதிய கடிதத்தை ஏஜென்ட்டிடம் மட்டும் கொடுத்து பீரோவில் ஒரு நகல் வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பிரிவு 237க்கு சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் சரக்கை ஏஜென்ட்டிடம் விற்கக் கொடுத்து, குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்கிறார். அந்த உத்தரவு தெரியாத ஒருவர் அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்கிறார். சரக்குக்காரர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

இதை நம் கணக்கில் போடுவோம். 10 கிலோ டின் 10, மொத்தம் 100 கிலோ. நீங்கள் சொன்ன விலை 850, ஏஜென்ட் 810க்குக் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்கு உங்கள் உத்தரவு தெரியாது. அவரிடமிருந்து நீங்கள் 81,000தான் கேட்க முடியும். மீதி 4,000 ரூபாயை ஏஜென்ட்டிடம் கேட்கலாம், ஏனென்றால் அவர் உங்கள் உத்தரவை மீறினார் (பிரிவு 211). கடைக்காரரிடம் கேட்க முடியாது.

அதனால் முதல் ஆர்டருக்கு முன் ஒவ்வொரு கடைக்கும் கடிதத்தின் நகலை அனுப்பி, வாட்ஸ்அப்பில் 'பார்த்தேன்' என்றோ நகலில் கையெழுத்தோ வாங்கிவிடுங்கள். விலைப்பட்டியலும் அப்படியே போகட்டும்.

இன்றைக்குப் பெரிய ஓட்டை ஜிபே. கடைக்காரர் போனை எடுக்கிறார், ஏஜென்ட் தன் சொந்த கியூஆரைக் காட்டுகிறார், பணம் அவர் கணக்குக்குப் போகிறது. இரண்டு வாரம் கழித்து உங்களுக்கு வருகிறது, சில சமயம் வருவதில்லை. பணம் வாங்க அதிகாரம் உள்ளவர் என்று கடைக்காரர் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டிருந்தால் அந்தக் கடன் தீர்ந்துவிட்டது, ஏஜென்ட்டைத் துரத்த வேண்டியது நீங்கள். பில்லின் கீழே பெரிய எழுத்தில் இதை அச்சடியுங்கள்: "கீழே உள்ள கம்பெனி வங்கிக் கணக்கிலோ கம்பெனி கியூஆரிலோ மட்டும் பணம் செலுத்தவும். ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு அனுப்பிய பணம் எங்களுக்கு வந்ததாகக் கொள்ளப்படாது."

அச்சடித்துவிட்டு, மூன்று மாதம் ஏஜென்ட் எண்ணுக்கு வந்த பணத்தை முகம் சுளிக்காமல் வரவு வைத்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. கடைக்காரரின் வழக்கறிஞர் பில்லைவிட உங்கள் லெட்ஜரைத்தான் முதலில் கேட்பார்.

நான்காம் படி: சரக்கைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது

முந்திரிப் பருப்பின் ரகத்தை எண்ணால் சொல்வார்கள். 240 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 220 முதல் 240 பருப்பு. 320 என்றால் 300 முதல் 320. பருப்பு சிறிது, விலையும் குறைவு. ஏஜென்ட் 320 டின்னைத் திறந்து காட்டி "அண்ணே, இது 240தான், நான் கேரண்டி" என்று சொல்லி விற்றுவிட்டார் என்றால், நீங்கள் அதைச் சொல்லச் சொல்லவில்லை என்பது சாக்காகாது. அவருக்குக் கொடுத்த வேலையின் போக்கில் ஏஜென்ட் சொன்ன பொய், நீங்களே சொன்ன பொய்க்குச் சமம் (பிரிவு 238). கடைக்காரர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

'வேலையின் போக்கில்' என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. 1978இல் பாரத ஸ்டேட் வங்கிக்கும் ஷியாமா தேவி என்பவருக்கும் நடந்த வழக்கில், வாடிக்கையாளர் தன் கணவரின் நண்பரான வங்கி ஊழியரிடம் கணக்கில் போடச் சொல்லிப் பணம் கொடுத்தார். ஊழியர் அதைக் கையாடல் செய்தார். ஊழியர் அந்தப் பணத்தை நண்பர் என்ற முறையில் வாங்கினார், வங்கி வேலையாக அல்ல என்று சொல்லி, வங்கி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உங்கள் ஏஜென்ட் கடைக்காரரிடம் சொந்தக் கைமாற்று வாங்கினாலும் இதே கணக்குதான்.

தவிர்க்கும் வழி எளிது. ஒவ்வொரு ரகத்துக்கும் 250 கிராம் சாம்பிள் பாக்கெட் போட்டு, மேலே ரகமும் தேதியும் எழுதி, ஒன்று கடையில், ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கையெழுத்து

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஏஜென்ட்டின் வீட்டையே விற்க வைக்கும். ஏஜென்ட் தன் பெயரை மட்டும் போட்டு ஒரு காசோலையிலோ புரோநோட்டிலோ கையெழுத்திட்டால், யாருக்காகப் போட்டோம் என்று அதில் சொல்லாவிட்டால், அவரே சொந்தமாகப் பொறுப்பாவார் (மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 28). எப்போதும் கம்பெனி பெயரை எழுதி, 'சார்பாக' என்று சேர்த்து, அதன் கீழே தன் பெயரும் 'ஏஜென்ட்' என்ற சொல்லும் வர வேண்டும். முதலாளி யார் என்றே சொல்லாமல் பேரம் பேசுகிற ஏஜென்ட்டையும் கடைக்காரர் நேரடியாகப் பிடிக்கலாம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 230). இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லி ஒருவரை நம்ப வைத்தால், முதலாளி அதை ஏற்காதபோது நஷ்டத்தை ஏஜென்ட்தான் கட்ட வேண்டும் (பிரிவு 235). ஏஜென்ட்டாகச் சேருகிறவர்கள் அதிகாரக் கடிதத்தின் நகலைத் தாங்களும் பத்திரமாக வைத்துக்கொள்ள இதுவே போதுமான காரணம்.

ஆறாம் படி: மீறிவிட்டார், இப்போது என்ன?

முதலில் வாயை மூடிக்கொண்டு கணக்கைப் பாருங்கள். கோபத்தில் 'சரி, போகட்டும்' என்றோ, மறுநாள் அந்தப் பணத்தை வரவு வைத்தோ செய்துவிட்டால் நீங்கள் அதை ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒரு பேரத்தில் லாபமான பாதியை மட்டும் ஒப்புக்கொண்டு மீதியைத் தள்ள முடியாது. ஒப்புக்கொண்டால் மொத்தத்தையும் ஒப்புக்கொண்டதுதான் (பிரிவு 199).

ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது வெளியாளுக்கும் தெரிந்திருந்தால் வேறு கணக்கு. 50 மூட்டை கொட்டை வாங்கச் சொன்னீர்கள், அவர் 80 மூட்டை வாங்கினார். மூட்டைக்கு இவ்வளவு என்று விலை இருந்தால், 50 உங்களுடையது, மீதி 30 உங்களைக் கட்டாது. எல்லாம் சேர்த்து ஒரே மொத்த விலை, பிரிக்க முடியாது என்றால் முழுவதையும் மறுக்கலாம் (பிரிவுகள் 227, 228). எழுத்தில், உடனே, மூட்டையைத் தொடாமல் மறுக்க வேண்டும். மூட்டையைக் குடோனில் அடுக்கிவிட்டு மறுப்புக் கடிதம் எழுதுவதில் பயனில்லை.

கடன் கொடுக்க அதிகாரம் உள்ள ஏஜென்ட்கூட, கடைக்காரர் பணம் கட்டக்கூடியவரா என்று வழக்கமான விசாரணை செய்யாமல் கடன் கொடுத்து, அவர் ஏற்கெனவே திவாலாகியிருந்தால் நஷ்டத்தை ஏஜென்ட் ஈடு செய்ய வேண்டும் (பிரிவு 212).

ஏழாம் படி: ஏஜென்ட்டை நிறுத்துவது

இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு "நாளை முதல் வராதே" என்று அனுப்பியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நிறுத்தியது ஏஜென்ட்டுக்குத் தெரிந்தபோது அவருக்கு முடிகிறது, வெளியாளுக்குத் தெரிந்தபோதுதான் வெளியாளுக்கு முடிகிறது (பிரிவு 208). சட்டம் தரும் உதாரணமே சென்னைக்காரருடையது. சென்னையில் இருப்பவர் பம்பாய் குடோனில் உள்ள பஞ்சை விற்கும்படி ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறார், பிறகு இன்னொரு கடிதத்தில் வேண்டாம் என்கிறார். ரத்துக் கடிதம் கைக்கு வந்த பிறகும் ஏஜென்ட் விற்றுவிட்டு, பணத்தோடு தலைமறைவாகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் சென்னைக்காரருக்கே கொடுத்ததாக ஆகும்.

அதனால் நிறுத்துகிற அன்றைக்கே, அதே மணி நேரத்தில், ஏஜென்ட் பேசும் எல்லாக் கடைகளுக்கும் செய்தி போக வேண்டும். வாட்ஸ்அப், அதன்பின் ஒப்புகையோடு தபால். கடைப் பட்டியல் உங்களிடம் இல்லை, ஏஜென்ட்டின் டைரியில்தான் இருக்கிறது என்றால், அந்தப் பட்டியலை இன்றே வாங்குங்கள், நிறுத்தும் நாளில் அல்ல. புதுச்சேரி, கடலூர் பகுதியில் வரும் ஒரு தமிழ் நாளிதழில் சிறு பொது அறிவிப்பும் கொடுக்கலாம். ஆனால் அறிவிப்பை நம்பி நேரடித் தகவலை விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் அந்தப் பக்கத்தைப் படித்தார் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

இவ்வளவு காலத்துக்கு ஏஜென்ட் என்று பேசியிருந்து, நல்ல காரணமில்லாமல் இடையில் நிறுத்தினால் ஏஜென்ட் நஷ்ட ஈடு கேட்கலாம் (பிரிவு 205). அவர் ஏற்கெனவே முடித்த விற்பனைக்கான கமிஷனைப் பிடித்து வைக்க முடியாது. அவர் செய்த தவறால் வந்த நஷ்டத்தைக் கணக்கில் காட்டிக் கேட்கலாம்.

வாங்க வேண்டியவை: அதிகாரக் கடிதத்தின் அசல், ஆர்டர் புக், ரப்பர் ஸ்டாம்ப், அடையாள அட்டை, மீதிச் சாம்பிள், கடைகளில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரில் இருப்பது யார் எண் என்ற சரிபார்ப்பு. பிறகு எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டியது ஏஜென்ட்டின் கடமை (பிரிவு 213). அவர் கையில் சிக்கிய பணத்துக்காக வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். வேலையில் இருக்கும்போதே கணக்குக் கேட்டு அவர் மறுத்திருந்தால் அந்த நாளிலிருந்தும், அப்படி மறுப்பு எதுவும் இல்லை என்றால் ஏஜென்ட் வேலை முடிந்த நாளிலிருந்தும் எண்ண வேண்டும். பணத்தை நேர்மையின்றிச் சுருட்டினார் என்றால் 2024 ஜூலை முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏஜென்ட் செய்யும் நம்பிக்கை மோசடிக்கான பிரிவு 316(5) இருக்கிறது. வெறும் கணக்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனால், 'சிவில் கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள்.